இருபதுக்கு இருபது கேட்ட வீடு

எனக்கு இருபது நிமிடம் ஒதுக்கியிருக்கிறீர்களாம். இருபத்துநான்கு வருடம் மொழிபெயர்த்துக்கொண்டு இந்த உதவி மேசையில் குந்தியிருந்தவளுக்கு இருபது நிமிடம்! நல்ல கணக்குத்தான். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், படிவம் நிரப்புவது எப்படி என்று நான் சொல்லித்தரப் போவதில்லை. அதெல்லாம் இப்போது கணினிக்குள் போய்விட்டது, என்னைவிட உங்களுக்கு வடிவாகத் தெரியும். முன்வரிசையில் இருக்கும் தம்பி, அந்தக் கைப்பேசியைக் கவிழ்த்து வையுங்கள். நான் என் வண்டவாளத்தைச் சொல்லப்போகிறேன். அது கணினியில் கிடைக்காது.

நான் விட்ட பிழைகள் பல. அவற்றில் ஒன்று என்னை இன்னும் நித்திரையில் வந்து உலுப்பும். அதைத்தான் சொல்லப்போகிறேன்.

உங்களில் பாதிப்பேர் இங்கே பிரான்சிலேயே பிறந்தவர்கள். மூன்று பேர் சென்னையிலிருந்து படிக்க வந்தவர்கள், அந்தத் தங்கச்சி புதுச்சேரி. ஆனால் பாரிசின் இந்த லாச்சப்பல் தெருவில் படியேறி, கீழே சேலைக்கடையில் ஒரு கண் வைத்துக்கொண்டு, மூச்சிரைக்க நம்மிடம் வருபவர்களில் பெரும்பாலானோர் யாழ்ப்பாணத்து ஆட்கள். அவர்கள் "ஓம் அக்கா" என்று சொன்னால் விளங்கிவிட்டது என்று நினைக்காதீர்கள். அக்கா சொல்லும்போது குறுக்கே கேள்வி கேட்பது மரியாதை இல்லை என்பதற்காகச் சொல்லும் ஓமும் அதற்குள் இருக்கிறது. இது எனக்குத் தெரியாததல்ல. நான் அந்த ஓமில் வளர்ந்தவள். தெரிந்தும்தான் கோட்டை விட்டேன்.

யோகன், சுகந்தி என்று ஒரு குடும்பம். யோகன் ஓர் உணவகத்தில் சமையல் உதவியாளர். சுகந்தி காலையில் அலுவலகங்கள் துப்புரவாக்கும் வேலை. இரண்டு பெண்பிள்ளைகள். மூத்தவள் அபிஷாவுக்குப் பன்னிரண்டு வயது, கேட்டதற்கெல்லாம் பிரெஞ்சில்தான் மறுமொழி. சின்னவள் மீனுவுக்கு ஐந்து. லிஃப்ட் இல்லாத கட்டடத்தின் ஆறாம் மாடியில், கூரைக்குக் கீழே, இந்த நாலு பேருக்கும் ஒரேயொரு அறை. சுவரில் ஈரம் ஏறி ஏறிக் கறுத்துப்போயிருந்தது. மீனுவுக்கு அதில் மூச்சிழுப்பு வந்துவிட்டது. அந்தக் குளிர்காலத்தில் மட்டும் இரண்டு முறை ஆஸ்பத்திரியில் கிடந்தாள். இந்த அறையில் இன்னொரு குளிர்காலம் வேண்டாம் என்று மருத்துவர் எழுதியே கொடுத்திருந்தார்.

அவர்களுக்கு அரசாங்கத்தின் வாடகை உதவிக் கடிதம் கிடைத்தது. எங்கள் ஆட்கள் அதை "அக்கோர்" என்பார்கள். உங்களுக்குத் தெரிந்ததுதான், இருந்தாலும் சொல்கிறேன். இந்தக் குடும்பம் ஒரு வீடு எடுத்தால் வாடகையில் பெரும்பகுதியை வீட்டுக்காரரின் வங்கிக்கு நேரே அனுப்புவோம், முற்பணத்துக்கும் பொறுப்பு நிற்போம் என்று அரசாங்கம் கையெழுத்து வைத்த கடிதம் அது. ஆனால் வீட்டை அது தராது. ஆறு மாதத்துக்குள் நீங்களாகத் தேடிப் பிடிக்கவேண்டும். பிடிக்காவிட்டால் கடிதம் செத்துவிடும். பிறகு முதலிலிருந்து விண்ணப்பித்து, வருடக்கணக்கில் காத்திருக்க வேண்டியதுதான்.

கடிதம் வந்த அன்று சுகந்தி மோதகம் அவித்துக்கொண்டு வந்தாள். வீடே கிடைத்துவிட்ட மாதிரி ஒரு முகம். ஆனால் இனித்தான் படப்போகிறது இந்தப் பிள்ளை என்று எனக்குத் தெரியும்.

பட்டார்கள். ஐந்து மாதத்தில் பதினான்கு வீடு. எல்லாம் புறநகரில், ஸ்தேனில் ஒன்று, வில்லியே லே பெல்லில் மூன்று என்று, பாரிசுக்குள் எட்டிப்பார்க்கவே முடியாது. தொலைபேசியில் பெயரைக் கேட்டதும் வீடு "போய்விட்டது". நேரே போனால் சம்பளத் துண்டைப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்குவார்கள். அதையும் தாண்டினால், கடைசியில் அக்கோரை எடுத்து நீட்டும்போது வீட்டுக்காரர் முகம் மாறும். "அறிவிக்கிறோம்" என்பார்கள். அறிவிக்கவே மாட்டார்கள்.

கடைசியில்தான் நீட்டவேண்டும் என்பது லாச்சப்பல் முழுக்கச் சொல்லும் புத்தி. முதலில் நல்ல உடுப்போடு போ, சிரி, வீடு பிடித்திருக்கிறது என்று சொல், எல்லாம் சரிவந்த பிறகு மெல்ல அக்கோர் கதையை எடு. இந்த உபதேசத்தை அவர்களுக்குச் செய்தவளும் நான்தான். கெட்டித்தனமான வேலை என்று எனக்கு என் மேலேயே ஒரு பெருமை வேறு.

கடிதம் முடிய மூன்று வாரம் இருந்தது. ஒரேயொரு வழிதான் மிச்சம். இப்போது இருக்கும் இடம் ஒரு குடும்பம் வாழத் தகுதியற்றது என்று நகரசபை, எங்கள் ஆட்கள் சொல்லும் மெரி, அதன் பரிசோதகர் எழுதிக் கொடுத்தால், கடிதத்தை இன்னும் மூன்று மாதம் நீட்டுவார்கள். நான் அங்கும் இங்கும் ஓடி, ஆட்களைப் பிடித்து, கெஞ்சி, ஒரு நாள் வாங்கினேன். வியாழக்கிழமை காலை பத்து மணி. மொழிபெயர்ப்புக்கு நான்.

அன்றைக்கு எனக்கு வரிசையில் ஒன்பது பேர் காத்திருந்தார்கள். சுகந்திக்குத் தொலைபேசி எடுத்தேன்.

"பிள்ளை, வியாழக்கிழமை பத்து மணிக்கு வீடு பாக்க மெரியிலையிருந்து ஒருத்தர் வாறார். கடுதாசியும் வரும். நானும் வருவன். இதுதான் கடைசிச் சந்தர்ப்பம், விளங்குதோ?"

"ஓம் அக்கா."

வைத்துவிட்டேன். ஒரு நிமிடம்கூட ஆகவில்லை.

வியாழக்கிழமை ஆறு மாடி ஏறிப் போனேன். ஐந்தாம் மாடியிலேயே மூக்கில் அடித்தது புதுப் பெயின்ற் மணம். ஆரோ வீடு திருத்துகிறார்கள் என்று நினைத்தேன். ஆறாம் மாடியில் பெயின்ற்றோடு சாம்பிராணியும் சேர்ந்து வந்தது. கதவைத் திறந்த சுகந்தி பட்டுச்சேலை கட்டியிருந்தாள். யோகன் வெள்ளைச் சட்டை, காற்சட்டையில் மடிப்புக் கத்தி மாதிரி நின்றது.

நான் உள்ளே பார்த்தேன். 

கறுத்த சுவரைக் காணவில்லை. பால் வெள்ளை. யோகன் புதன்கிழமை வேலைக்கு லீவு போட்டுவிட்டுப் பூசியிருக்கிறார். ஒழுக்குக்குக் கீழே எப்போதும் இருக்கும் வாளியைக் காணவில்லை. மெத்தைகளைக் காணவில்லை. பிள்ளைகளின் உடுப்புப் பைகள், புத்தகங்கள், மீனுவின் மூச்சு மருந்துக் கருவி, ஒன்றுமில்லை. ஜன்னலுக்குப் புதுத் திரை. நடுவிலே இரவல் மேசை, அதில் பூப்போட்ட விரிப்பு, தட்டு நிறைய ரோல்ஸும் வடையும். மூத்தவள் பள்ளிக்கூடம் போய்விட்டாள், சின்னவளை எதிர் அறை அல்ஜீரிய அம்மாவிடம் விட்டிருந்தார்கள். அந்த அறையைப் பார்த்தால் புதிதாகக் கல்யாணம் முடித்த இரண்டு பேர் சந்தோஷமாக வாழும் இடம் மாதிரி இருந்தது.

வாயைத் திறந்து ஒன்று கேட்க முதல், எனக்குப் பின்னால் படியில் சப்பாத்துச் சத்தம். பரிசோதகர். வாட்டசாட்டமான மனிதர், கையில் அளவுக் கருவி, கக்கத்தில் தாள்கள். ஆறு மாடி ஏறிய களைப்பில் அவர் முகம் சிவந்திருந்தது. "அடுத்த வீடு பார்க்கும் ரொந்தேவு பதினொன்றரைக்கு" என்று சொல்லிக்கொண்டே உள்ளே வந்தார்.

சுற்றிப் பார்த்தார். எழுதினார். சுவரைப் பார்த்துக் கேட்டார்: "இந்தச் சுவரில் ஈரம் இருக்கிறதா?"

நான் தமிழில் கேட்டேன். யோகன் நிமிர்ந்து நின்று சொன்னார்: "இல்லை சேர். நல்ல வீடு. ஒரு குறையும் இல்லை."

பிள்ளைகளே, இதைத்தான் நீங்கள் காது கொடுத்துக் கேட்கவேண்டும். அந்த இடத்தில் எல்லாம் என் நாக்கின் கையில். பரிசோதகருக்குத் தமிழ் தெரியாது. அவர்களுக்குப் பிரெஞ்சு அரைகுறை. "ஐயா, ஈரம் தாங்க முடியவில்லை, பிள்ளை சாகிறது" என்று நான் மொழிபெயர்த்திருந்தால் யார் கேட்பார்கள்? அது பொய்யும் இல்லை! உண்மையை நான் சொல்லியிருப்பேன், பொய்யை யோகன் சொல்லியிருக்கிறார், அவ்வளவுதான். சத்தியமாகச் சொல்கிறேன், அந்தப் பிரெஞ்சு வசனம் என் நாக்கு நுனியில் வந்து நின்றது.

எனக்கு முதல் இந்த மேசையில் இருந்தவர் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. சிகரெட் மணமும் சிடுசிடுப்பும், ஒருவரையும் புகழமாட்டார். நான் சேர்ந்த புதிதில் ஒரு கிழவருக்காக இரண்டு சொல் கூட்டி மொழிபெயர்த்ததைக் கண்டுபிடித்துவிட்டு, "இன்று நீ அவருக்கு நல்லது செய்ய மாற்றினாய். நாளைக்கு உன்னை எவர் நம்புவது? அவர் நம்புவாரா, நான் நம்புவேனா?" என்று எல்லாருக்கும் முன்னால் கேட்டார். அன்று வீட்டுக்குப் போய் அழுதேன். அந்தச் சிடுமூஞ்சி சொன்னது சரி என்று விளங்க எனக்குப் பல வருடம் எடுத்தது.

நான் மொழிபெயர்த்தேன். "ஈரம் இல்லை, நல்ல வீடு, ஒரு குறையும் இல்லை என்கிறார்."

பரிசோதகர் தலையாட்டினார். "மிகச் சுத்தமாக வைத்திருக்கிறார்கள்" என்று சொல்லி தாளில் ஒரு கட்டத்துக்குள் புள்ளடி போட்டார். சுகந்திக்கு அந்த வார்த்தை விளங்கிவிட்டது. அவள் முகம் மலர்ந்தது. அவர் போடும் ஒவ்வொரு புள்ளடியும் மீனுவை இன்னொரு குளிர்காலம் இந்த அறையில் வைக்கப்போகிறது. இவள் சிரித்துக்கொண்டு வடைத் தட்டை நீட்டுகிறாள்.

நான் சொன்னேன்: "மன்னிக்கவேண்டும் ஐயா. இதுவரை அவர்கள் சொன்னதை அப்படியே சொன்னேன். இப்போது நான் என் சொந்த வாயால் சொல்கிறேன். பிழை என்னுடையது. வீடு பார்க்க ஆள் வருகிறது என்று சொன்னேன், எதற்காக வருகிறது என்று சொல்லவில்லை. எனக்கு ஐந்து நிமிடம் தாருங்கள், இவர்களோடு கதைக்கவேண்டும். அதற்குப் பிறகு நீங்கள் என்ன எழுதினாலும் நான் வாய் திறக்கமாட்டேன்."

அவர் மணிக்கூட்டைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். புதுப் பெயின்ற் மணக்கும் சுவரையும் ஒருமுறை பார்த்தார். "ஐந்து" என்றார்.

இரண்டு பேரையும் படிக்கட்டுக்கு இழுத்துக்கொண்டு வந்தேன். என் வாய் பொல்லாதது. வந்த கோபத்தில் கொட்டித் தீர்த்துவிட்டேன்.

"உங்களுக்கென்ன விசரே? ஆர் உங்களைப் பெயின்ற் அடிக்கச் சொன்னது? மெத்தையெல்லாம் எங்கை? இந்த அறை இருக்கேலாத அறை எண்டு எழுதத்தான் அந்தாள் வந்திருக்குது. நீங்கள் என்னடா எண்டால் பட்டுச்சேலையும் கட்டிக்கொண்டு..."

 யோகன்தான் மெல்லச் சொன்னார்: "கடுதாசி வந்தது அக்கா. மூத்தவள் வாசிச்சுச் சொன்னவள், வீட்டுக்குப் புள்ளி போட வருகினம் எண்டு. நான் நினைச்சன், நல்ல புள்ளி எடுத்தால்தானே வேறை வீடு தருவினம். இருபதுக்கு இருபது எடுக்கவேணும் எண்டுதான் ரெண்டு பேரும் பாடுபட்டனாங்கள்."

எனக்குச் சிரிப்பும் வந்தது, கண்ணும் கலங்கியது. கடிதத்தில் இருந்தது மதிப்பீடு, அபிஷாவுக்குப் பள்ளிக்கூடத்தில் தெரிந்த சொல். மதிப்பீடு என்றால் புள்ளி, இங்கே புள்ளி என்றால் இருபதுக்கு. அவளில் என்ன பிழை? பன்னிரண்டு வயதுப் பிள்ளை வாசித்துச் சொல்லுமட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள் நான்.

பிறகு சுகந்தி வாயைத் திறந்தாள். அழுகையில்லை, கோபம்.

"அக்கா, பதினாலு வீட்டு வாசல்லை நிண்டு, எங்களை மேலையும் கீழையும் பாத்து அனுப்பினவங்கள். இவையளுக்கு வீடு குடுத்தால் நாசமாக்கிப்போடுவினம் எண்டுதானே அந்தப் பார்வை? இண்டைக்குத்தான் ஒரு வெள்ளைக்காரன் எங்கடை வாசலுக்கு வாறான். அவனுக்கு முன்னாலை என்ரை ஊத்தையை நான் விரிச்சு வைக்கிறதோ? நாங்கள் துப்புரவான சனம் எண்டு ஒருத்தனாவது எழுதட்டும் எண்டு நினைச்சன். அது பிழையோ?"

  ஆள் வருகிறது என்றால் வீட்டைத் துப்புரவாக ஒதுக்கிவைப்பது நம் இரத்தத்தில் ஊறிப்போனது. நானும் அதைத்தான் செய்திருப்பேன்.

"பிழையில்லை பிள்ளை," என்றேன். "பிழை என்னிலை. ஒண்டு கேள். அந்தாள் உங்களைப் பாக்க வரேல்லை. சுவரைப் பாக்க வந்தவர். ஈரம் உன்ரை ஊத்தை இல்லை, கட்டடக்காரன்ரை ஊத்தை. நீ அதை ஏன் உன்ரை கையாலை மூடுறாய்? இன்னும் மூண்டு நிமிஷம் இருக்கு. எப்பிடி இருக்கிறனீங்களோ அப்பிடிக் காட்டு. உனக்கு விருப்பமில்லை எண்டால் விடு, நான் ஒண்டும் சொல்லமாட்டன்."

அவள் யோகனைப் பார்த்தாள். சேலைத் தலைப்பை இடுப்பில் சொருகினாள். நேரே போய் எதிர் அறைக் கதவைத் தட்டினாள்.

அதற்குப் பிறகு நடந்தது ஒரு கூத்து. அல்ஜீரிய அம்மா முன்னுக்கு, யோகன் பின்னுக்கு, நடுவில் ஒரு மெத்தை. பிறகு இன்னொன்று. பிறகு இன்னொன்று. அந்த அம்மா அரபியிலும் பிரெஞ்சிலும் கட்டடச் சொந்தக்காரரை மாறிமாறி வைதுகொண்டே சுமந்தார். மேசையை மடித்து ஓரத்தில் சாத்தினார்கள். வடைத் தட்டு என் கையில் வந்தது. மூன்று மெத்தையையும் விரித்ததும் அறையில் நிலமே இல்லை. குளியல் மூலைக் கதவு திறக்கவில்லை. பரிசோதகர் பின்வாங்கிப் பின்வாங்கிக் கடைசியில் வாசலுக்கு வெளியே படிக்கட்டில் நின்றார்.

"நான்கு பேரும் இதில்தான் படுக்கிறீர்களா?"

"ஓம்," என்றாள் சுகந்தி. நான் மொழிபெயர்த்தேன்.

"மூத்த பிள்ளை எங்கே இருந்து படிக்கிறாள்?"

சுகந்தி கொஞ்சம் தயங்கினாள். பிறகு கதவுக்குப் பின்னாலிருந்து உடுப்புத் தேய்க்கும் பலகையை இழுத்து, காலைத் தாழ்த்தி, மெத்தைக்கு மேலே நிறுத்தி, அபிஷாவின் கணக்குப் புத்தகத்தை அதில் வைத்துக் காட்டினாள். அவர் படம் எடுத்தார்.

பிறகு சப்பாத்தைக் கழற்றிவிட்டு, மெத்தைக்கு மேலால் நடந்து சுவருக்குப் போனார். பெருவிரல் நகத்தால் சுரண்டினார். வெள்ளைப் பெயின்ற் ஆடை மாதிரி உரிந்து வந்தது, உள்ளே கறுப்பு. கருவியை வைத்து அழுத்தினார். அது கீச்சென்று கத்தத் தொடங்கியது. யோகன் ஒரு நாள் சம்பளத்தை விட்டுப் பூசிய சுவர். அவர் முகத்தைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை.

யோகன் என்னைப் பார்க்கவில்லை. மொழிபெயர்க்கச் சொல்லவும் இல்லை. தனக்குத் தெரிந்த நாலு பிரெஞ்சுச் சொல்லைப் பொறுக்கி எடுத்து, நேரே அந்த மனிதரிடம் சொன்னார்: "என்ரை சின்னவள்... ராவிலை... மூச்சு வராது. நான்... பயம்."

பரிசோதகர் தாளை எடுத்தார். முதல் போட்ட புள்ளடிகளை ஒவ்வொன்றாக வெட்டி, பக்கத்தில் தன் பெயரின் முதலெழுத்தை வைத்தார். பதினொன்றரை ரொந்தேவுக்குப் பிந்தித்தான் போனார். வடை எடுக்க அவருக்கு அனுமதியில்லையாம். தண்ணீர் மட்டும் வாங்கிக் குடித்தார். போகும்போது என்னிடம் தணிந்த குரலில், "சுத்தமாக வைத்திருக்கிறார்கள் என்பதை நான் வெட்டவில்லை, அம்மா" என்றார். அதை நான் சுகந்திக்கு மொழிபெயர்த்தேன். இருபத்துநான்கு வருடத்தில் நான் செய்த மொழிபெயர்ப்பில் எனக்கு மிகப் பிடித்த வசனம் அதுதான்.

மூன்று மாதம் நீட்டிப்புக் கிடைத்தது. அதோடு எல்லாம் சரி என்று நினைத்துவிடாதீர்கள். வீடு இன்னும் இல்லை. பழைய மாதிரியே நான் மறுபடி ஆரம்பித்தேன். நல்ல உடுப்பு, சிரிப்பு, கடைசியில் அக்கோர். சுகந்தி இடைமறித்தாள். எனக்குக் குறுக்கே அவள் பேசியது அதுதான் முதல்முறை.

"வேண்டாம் அக்கா. அண்டைக்கு ஒளிச்சு வைச்சுத்தான் எல்லாம் கெடப் பாத்தது. நாங்கள் அந்தக் கடுதாசியைக் கள்ளச்சாமான் மாதிரிக் கடைசியிலை எடுக்கிறம். பாக்கிறவனுக்கும் கள்ளச்சாமான் மாதிரித்தானே இருக்கும்? இனி முதல் அதைத்தான் காட்டுறது. வேண்டாதவன் முதலே வேண்டாம் எண்டு சொல்லட்டும்."

எனக்குச் சுருக்கென்றது. என்னுடைய கெட்டித்தனத்தை அவள் ஒரே மூச்சில் உடைத்துவிட்டாள். "சரி, உன்ரை விருப்பம்," என்று அரை மனதோடு சொன்னேன். சரிவராது என்றுதான் உள்ளுக்குள் நினைத்தேன்.

உண்மையில் இரண்டு மாதம் சரிவரவில்லை. முதலே காட்டினார்கள், முதலே மறுத்தார்கள். ஆனால் ஒன்று கவனித்தேன், முன்னரைப் போல அவர்கள் உடைந்து திரும்பி வரவில்லை. யோகன் சொன்னார்: "இப்ப காத்திருக்கத் தேவையில்லை அக்கா. அஞ்சு நிமிஷத்திலை தெரிஞ்சுபோகுது. அடுத்த வீட்டைப் பாக்கலாம்."

கடிதம் முடிய ஒன்பது நாள் இருக்கும்போது செவ்ரான் புறநகரில் ஒரு வீடு. மொழிபெயர்க்க நானும் ரயிலேறிப் போனேன். வீட்டுக்காரி பேருந்து ஓட்டி ஓய்வுபெற்ற பெண், குட்டை மயிர், உரத்த குரல். கதவைத் திறந்ததும், "வாடகை ஒழுங்காக வராவிட்டால் எனக்குக் கெட்ட கோபம் வரும், முதலிலேயே சொல்லிவிட்டேன்" என்றார். எனக்கு அவரை உடனே பிடித்துவிட்டது. என் இனம்.

சுகந்தி வீட்டைப் பார்க்கவே இல்லை. நின்ற இடத்திலேயே பையைத் திறந்து அக்கோரை நீட்டினாள். அந்த அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரிவரியாக வாசித்தார்.

"இந்தப் பங்கு நேரே என் கணக்குக்கு வருமா?"

"வரும்," என்றாள் சுகந்தி, என் வழியாக.

"இவருக்கு வேலை போனால்?"

"அப்போதும் வரும்."

"நோய், வருத்தம் வந்தால்?"

"அப்போதும்."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். "முந்தி மூன்று பேர் இதே கடிதத்தோடு வந்தார்கள். எல்லாம் பேசி முடித்த பிறகு, குற்றத்தை ஒப்புக்கொள்வது மாதிரித் தலையைக் குனிந்துகொண்டு எடுத்தார்கள். ஏதோ சுத்துமாத்து என்று அனுப்பிவிட்டேன். இது நல்ல கடிதமல்லவா? இதை ஏன் ஒளிக்கிறார்கள்?"

நான் மொழிபெயர்க்கவில்லை. அந்தக் கேள்வி அவர்களுக்கல்ல, எனக்கு. எத்தனை குடும்பத்துக்கு நான் அந்தப் புத்தியைச் சொல்லி அனுப்பியிருப்பேன்! அந்த மூன்று பேரில் எவர் என் மேசையிலிருந்து போனவர் என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. அந்த வெட்கம் எனக்கு இன்னும் போகவில்லை, போகவும் வேண்டாம்.

அந்த அம்மா இப்போது எங்கே இருக்கிறீர்கள் என்று கேட்டார். சுகந்தி ஒரு கணம் என்னைப் பார்த்தாள். பிறகு பரிசோதகரின் அறிக்கையை எடுத்துக் கொடுத்தாள், படங்களோடு. அந்த அம்மா மெத்தைகளைப் பார்த்தார், சுரண்டிய சுவரைப் பார்த்தார், தேய்க்கும் பலகையில் கணக்குப் புத்தகத்தைப் பார்த்தார். உரத்த குரல் இல்லாமல் போய்விட்டது. "ஒரு நாள் யோசிக்கவேண்டும்" என்றார்.

 அடுத்த நாள் மத்தியானம் யோகன் வேலையிடத்திலிருந்து தொலைபேசி எடுத்தார். பின்னால் கோப்பை கழுவும் சத்தம். "அக்கா, சாவி தாறாவாம்," என்றார்.  இரண்டு பேரும் கோப்பைச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு நின்றோம்.

குடிபோய் ஒரு மாதம் கழித்து ஒரு சனிக்கிழமை என்னைச் சாப்பிடக் கூப்பிட்டார்கள். இரண்டு படுக்கையறை, ஒரு கூடம், காய்ந்த சுவர். மீனு மூச்சு வாங்காமல் கூடத்தைச் சுற்றி ஓடினாள். நான் வந்ததிலிருந்து யோகன் மூன்று முறை ஜன்னலைத் திறந்து மூடிக் காட்டிவிட்டார். அபிஷா மட்டும் ஒரு இடத்தில் இருக்காமல் வாசலுக்கும் அறைக்கும் நடந்துகொண்டிருந்தாள்.

அழைப்பு மணி அடித்தது. சுகந்தி திடுக்கிட்டு எழும்பினாள். "ஆராய் இருக்கும்? அக்கா, அந்தக் கதிரையிலை கிடக்கிற உடுப்பை எடுங்கோ," என்று பரபரத்துக்கொண்டு கதவுக்கு ஓடினாள். அபிஷா அவளை முந்திக்கொண்டு போய்க் கதவில் கை வைத்தாள்.

"விடுங்கள் அம்மா, என்னிடம்தான் வந்திருக்கிறார்கள்," என்றாள் பிரெஞ்சில்.

வெளியே அவளுடைய வகுப்புப் பிள்ளைகள் மூன்று பேர் நின்றார்கள். செவ்ரானில் சேர்ந்து ஒரு மாதம்கூட ஆகாத பள்ளிக்கூடம். மூன்று பேரும் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவளோடு அறைக்குள் போனார்கள். கதவு சாத்தப்பட்டது. உள்ளேயிருந்து சிரிப்புச் சத்தம் கேட்டது.

சுகந்தி அந்தச் சாத்திய கதவைப் பார்த்துக்கொண்டே நின்றாள். "இவளைத் தேடி ஒருத்தரும் வந்ததில்லை அக்கா," என்றாள். "பன்னிரண்டு வயசிலை இண்டைக்குத்தான் முதல்."

பிறகு குசினிக்குப் போய், மூன்று தட்டு அதிகமாக எடுத்து வைத்தாள்.